துண்டு போட்ட இடம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் முன்பெல்லாம் சம்பளம், பிள்ளைகள் படிப்பு என்று பேச்சு போகும். நாற்பதைத் தொட்டதும் சர்க்கரை, மூட்டுவலி என்று மாறியது. இப்போது சுற்றுலாவும் சேர்ந்துகொண்டிருக்கிறது. போன மாதம் அப்படி ஒரு கூட்டத்தில், குடும்பத்தோடு வெளிநாடு போய்வந்த தோழி ஒருத்தி, "நாலு ஊர் சுத்துனாத்தான் மனுஷங்களோட பழகத் தெரியும்" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டி வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வந்தது. மனிதர்களோடு பழக நான் கற்றுக்கொண்டதெல்லாம் பெரம்பலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவில், பஸ்ஸில் கற்றுக்கொண்டதுதான். அதில் ஒரு பாடத்தை, எங்கே பயன்படுத்தவே கூடாதோ அங்கே பயன்படுத்திவிட்டேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்களும் அந்தக் காலத்து பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்கள், உங்களுக்குப் புரியும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அப்பா எறையூர்க் கரும்பாலையில் ஃபிட்டர். அம்மாவுக்கு ஆண்டிமடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. ஒரு வருஷத்தில் மாற்றல் வாங்கிவிடலாம் என்று சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மாற்றல் வரவில்லை. "வேலைய வுட்டுட்டு வா" என்றார் அப்பா. "ஏன், நீங்க வுட்டுட்டு வாங்களேன்" என்றாள் அம்மா. அந்தச் சண்டையில் யாரும் கத்தவில்லை, பாத்திரத்தை உருட்டவில்லை. பேச்சு நின்றுபோயிற்று, அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை நான் அப்பாவிடம் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. பேசிக்கொள்ளாதவர்கள் இந்த ஏற்பாட்டை எப்படிச் செய்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அம்மா ஜெயங்கொண்டத்தில் என்னை ஏற்றிவிட்டுக் கண்டக்டரிடம், "பெரம்பலூர்ல இவ அப்பா நிப்பாருங்க" என்பாள். மறுநாள் பெரம்பலூரில் அப்பா அதே கண்டக்டரிடம், "ஜெயங்கொண்டத்துல இவங்கம்மா நிக்குங்க" என்பார். இரண்டு பேரும் சொல்வதைக் கேட்டவர் அந்தக் கண்டக்டர் ஒருவர்தான். நடுவில் இரண்டு மணி நேரம் நான் யாருடைய பிள்ளையும் இல்லை. அரியலூர் நெருங்கும்போது சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வரும். ரோட்டோரப் புளியமரங்களின் இலையெல்லாம் வெள்ளையாக இருக்கும். ரயில்வே கேட் மூடியிருந்தால் டிரைவர் இன்ஜினை நிறுத்திவிடுவார். அந்த அமைதியில் பஸ்ஸுக்குள் எல்லோருக்கும் பக்கத்தில் ஆள் இருப்பது திடீரென்று தெரியும். எனக்குப் பக்கத்திலும் யாராவது இருப்பார்கள்தான். ஆனால் அவர்கள் என்னோடு வந்தவர்கள் இல்லை.

பஸ் நிறையச் சொல்லிக்கொடுத்தது. உட்கார இடம் கிடைத்தவர், நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே என்ன என்று கேட்கக் கூடாது. சிலர் பைக்குப் பதில் குழந்தையையே கொடுத்துவிடுவார்கள். ஒரு முறை, பெயர் தெரியாத குழந்தை ஒன்று குன்னம் தாண்டும்வரை என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தது. இறங்கும்போது அதன் அம்மா வாங்கிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். மடி வெகுநேரம் சூடாக இருந்தது. ஜன்னலை மூட வேண்டுமென்றால் சட்டென்று இழுத்து மூடக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். இதெல்லாம் பின்னால் எனக்கு ஹாஸ்டலிலும் புகுந்த வீட்டிலும் அப்படியே உதவியது.

ஒரு பாடத்தை மட்டும் அவமானப்பட்டுக் கற்றேன். கத்திரிக்காய்க் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அக்கா பேச்சுக் கொடுத்தாள்.

"அப்பா என்னா பண்றாரு பாப்பா?"

"எறையூர் ஆலையில ஃபிட்டரு."

"அம்மா?"

"ஆண்டிமடத்துல டீச்சரு."

"அதென்ன, அவரு ஒரு மூல, இவங்க ஒரு மூலயா இருக்காங்க? சண்டையா?"

அவள் கேட்ட விதத்தில் அவ்வளவு பாசம் இருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்காததையும் சொன்னேன். அம்மா ராத்திரியில் சோறு தின்னாமல் படுத்துவிடுவது, அப்பா சட்டைக்குப் பொத்தான் தைக்காமலேயே போட்டுக்கொள்வது, இரண்டு பேரும் பேசி எட்டு மாதம் ஆனது. அவள் "ச்சு, ச்சு" என்று கேட்டுவிட்டுப் பின்சீட்டுக்குத் திரும்பினாள். "கேட்டியாடி இந்தப் புள்ள கதைய" என்று ஆரம்பித்தாள். அரியலூர் வருவதற்குள் பாதி பஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது. ஒருவர் எட்டி, என் கையில் கடலை மிட்டாய் ஒன்றை வைத்தார். "பாவம்" என்றார். தின்ன முடியவில்லை. உள்ளங்கையில் பிசுபிசுவென்று உருக வைத்திருந்து, கேட்டில் பஸ் நின்றபோது வெளியே எறிந்தேன். அன்றைக்கு எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். கேட்டால் மட்டும்தான் சொல்ல வேண்டும். கேட்ட அளவுக்குத்தான் சொல்ல வேண்டும். கேட்காததைச் சொல்லவே கூடாது. வாழ்க்கையில் இந்தச் சட்டத்தால் எனக்கு எத்தனையோ நன்மை. இல்லை என்று சொல்லமாட்டேன்.

இனி துண்டுக்கு வருகிறேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஞாயிறு மாலைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் உள்ளே திரும்பும்போதே அப்பா அதனோடு ஓடுவார். ஓடிக்கொண்டே தோளிலிருக்கும் துண்டை உருவி ஜன்னல் வழியாகச் சீட்டில் போடுவார். துண்டு விழுந்த இடம் நமக்கு. நான் முட்டி மோதி உள்ளே போவேன். துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்து, அதை ஜன்னல் வழியே அவரிடம் கொடுப்பேன். ஆலைப் புகைபோக்கியிலிருந்து பறந்துவரும் சக்கைக் கரி, எறையூரில் கொடியில் காயும் துணியிலெல்லாம் விழும். அப்பாவின் துண்டிலும் எப்போதும் கருப்புப் பொட்டுகள் இருக்கும், பாகு வாசனை அடிக்கும். அந்தக் கூட்டத்தில் எத்தனை துண்டு கிடந்தாலும் எனக்கு அப்பாவின் துண்டு தெரியும்.

ஒரு ஞாயிறு அவர் போட்ட துண்டு திரும்பி வந்துவிட்டது. உள்ளே லப்பைக்குடிக்காட்டு அம்மா ஒருவர், வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்தியவர், முன்னமே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் விழுந்த துண்டை எடுத்து, நீளவாக்கில் மடித்து, ஜன்னல் வழியே அப்பாவின் கையில் கொடுத்தார். "கோவிச்சுக்காதீங்க தம்பி. எம் மவ கைப்புள்ளயோட வருது. இங்க ஆள் இருக்கு" என்றார். அத்தர் வாசனை வந்தது.

வேறு யாராவது என்றால் அங்கே ஒரு ரகளையே நடந்திருக்கும். அப்பா, "சரிங்கம்மா" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"நீங்கதானப்பா மொதல்ல போட்டீங்க?"

"போட்டா? மரியாதையா மடிச்சுக் கையில குடுத்துட்டாங்க. அதுக்கப்பறம் ஏன் எதுக்குன்னு கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாது பாப்பா. அது அசிங்கம்."

அந்த ஒரு மணி நேரத்தில்தான் இன்னொன்றும் சொன்னார். தெற்கே ஓர் ஆலையில் அவரைக் கூப்பிடுகிறார்களாம். இந்த வருஷக் கரும்பு அரவை முடிந்ததும் வந்துவிடச் சொல்கிறார்களாம்.

"போயிருவீங்களா?"

"தெரியல. இங்க எதுக்கு இருக்கோம்னும் தெரியல" என்றார். என்னிடம் சொல்கிற மாதிரி இல்லை, எதிரே இருந்த டீக்கடை பெஞ்சிடம் சொல்வது போல இருந்தது. அரவை முடிய ஒரு மாதம்கூட இல்லை.

அடுத்த பஸ் வந்தது. அப்பா ஓடினார், துண்டு விழுந்தது, உட்கார்ந்தேன். ஆனால் அதைத் திருப்பிக் கொடுப்பதற்குள் பஸ் எடுத்துவிட்டார்கள். அப்பா கையைக் காட்டி, "இருக்கட்டும், வச்சுக்க" என்று கத்தினார். கேட்டில் பஸ் நின்றபோது மடியில் கிடந்த துண்டைப் பார்த்தேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. யோசனை என்றால் பெரிய சதி. பதினொரு வயதுப் பெண்ணின் சதி.

ஆண்டிமடத்து வாடகை வீட்டில் நாற்காலி ஒன்றே ஒன்றுதான். இரும்புச் சட்டத்தில் நீலமும் வெள்ளையுமாக வயர் பின்னியது. அம்மா அதில் உட்கார்ந்துதான் நோட்டுத் திருத்துவாள். வீட்டுக்குப் போனதும் அப்பாவின் துண்டை அந்த நாற்காலியில் போட்டேன். நடுவில், நன்றாக விரித்துப் போட்டேன். அம்மா பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் அம்மாவோடு வேலை பார்க்கும் கணக்கு டீச்சர் வந்தார். உட்காரப் போனார். நான் ஓடி, "டீச்சர், அங்க ஆள் வருது" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "யாருடி வரா?"

"அப்பா."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. கணக்கு டீச்சர் பாயில் உட்கார்ந்து, காப்பியைக் குடித்துவிட்டு, வழக்கத்தைவிடச் சீக்கிரம் போய்விட்டார். அவர் போனதும் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"அப்பாவா குடுத்து வுட்டாரு?"

'வச்சுக்க' என்று சொன்னார் அல்லவா. "ம்" என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில்.

அதற்குப் பிறகு பத்து நாளுக்கு மேல் அம்மா தரையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தினாள். பாயில் உட்கார்ந்தால் முட்டி வலிக்கிறது என்று எப்போதும் புலம்புகிறவள். ஒரு முறைகூடத் துண்டை நகர்த்தவில்லை. நாற்காலியைச் சுற்றித்தான் கூட்டினாள். இன்றைக்கு எனக்கும் முட்டி வலிக்கிற வயது. அவள் எதற்காகத் தரையில் உட்கார்ந்திருந்தாள் என்று இப்போது புரிகிறது. அப்போது என் சதி பலித்துவிட்டது என்கிற சந்தோஷம் மட்டும்தான்.

நான் கிளம்ப வேண்டிய சனிக்கு இரண்டு நாள் முன்னால் அம்மா அந்தத் துண்டைத் துவைத்தாள். கரிப் பொட்டுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து, நீலம் போட்டு, காய்ந்ததும் நான்காக மடித்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். சனிக்கிழமை காலை அதைச் செய்தித்தாளில் சுற்றி என் பையில் வைத்தாள். பஸ் ஸ்டாண்டில், என் பின்னலைச் சரிசெய்கிற சாக்கில், முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இதத் தோள்ல போட்டுக்கிட்டு அடுத்த சனிக்கெழம அவரையே வரச் சொல்லு. நாற்காலி காலியாத்தான் இருக்குன்னு சொல்லு."

இரண்டு மணி நேரமும் அந்த வார்த்தைகளை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்துப் பெண்மணி, "என்னா பாப்பா, பரிச்சைக்குப் படிக்கிறியா?" என்றாள். "ஆமா" என்றேன்.

எறையூர் வீட்டில் அப்பா செய்தித்தாளைப் பிரித்தார். துவைத்து, மடித்து, மடிப்புக் கலையாமல் துண்டு. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "குடுத்துட்டாளா" என்றார், மெதுவாக. அப்புறம் அதைப் பெட்டியில் வைத்து மூடினார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ தப்பாகப் போயிற்று என்பது மட்டும் தெரிந்தது. அவர், 'அம்மா என்ன சொன்னா?' என்று கேட்பார், சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். சாயங்காலம் கேட்கவில்லை. ராத்திரி சோறு போட்டபோது கேட்கவில்லை. எனக்குக் கோபம் ஏறியது. இத்தனை மாதமாக ஒரு தடவையாவது அம்மா எப்படி இருக்கிறாள் என்று இந்த மனிதர் கேட்டிருக்கிறாரா? கேட்கட்டும். கேட்டால்தான் சொல்வேன். என் சட்டம் பயமாக இருந்து வீம்பாக மாறியது அந்த ராத்திரியில்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இருந்த அதே வீம்பு. பெற்ற பிள்ளைக்கு மட்டும் இல்லாமல் போகுமா?

ஞாயிற்றுக்கிழமை அப்பா தோளில் துண்டு இல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டார். அது சீட்டுக்கும் பலகைக்கும் நடுவில் எங்கேயோ விழுந்துவிட்டது. இடம் கிடைக்கவில்லை. அரியலூர்வரை நின்றுகொண்டே போனேன். பஸ் கிளம்பும்போது அம்மா சொன்னது வாய்வரை வந்தது. அவர் ஏற்கெனவே திரும்பி நடந்துகொண்டிருந்தார்.

ஜெயங்கொண்டத்தில் நான் இறங்குவதற்குள் அம்மா கேட்டாள். "சொன்னியா?"

கேட்டால் சொல்ல வேண்டும் என்பதுதானே சட்டம். நான் பொய் சொன்னேன். "ம்."

அடுத்த முறை போகும்போது சொல்லிவிடலாம், ஒரு வாரம் தள்ளி வருவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் அம்மா அந்தச் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தாள். வீட்டை மெழுகினாள். முந்திரி வறுத்துப் பாயசம் வைத்தாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பஸ் வரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். கடைசி பஸ்ஸும் போன பிறகு அம்மா எழுந்து கதவைச் சாத்தினாள். நோட்டுக்கட்டை எடுத்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சிவப்புப் பேனாவால் திருத்த ஆரம்பித்தாள். நான் எதிரில் நின்றேன். அவள் எதையும் கேட்கவில்லை.

நான் மறுபடி எறையூர் போகவே இல்லை. அந்த வாரமே அம்மாவின் பள்ளிக்கூடத்து முகவரிக்கு அப்பாவிடமிருந்து இன்லேண்ட் லெட்டர் வந்தது. இரண்டே வரி. அரவை முடிந்துவிட்டது, கிளம்புகிறேன், பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

அதற்குப் பிறகு வருஷம் ஒரு முறை, பொங்கலுக்கு முன்னால், பெரம்பலூர் வந்து என்னைப் பார்ப்பார். துணி எடுத்துக் கொடுப்பார். ஹோட்டலில் பூரி வாங்கித் தருவார். ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். ஒவ்வொரு வருஷமும் அது முந்தின வருஷத்தைவிடக் கனமாக இருக்கும். இதற்கிடையில் எங்கள் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது, மறுபடி சேர்ந்தது, திரும்பவும் பிரிந்தது. எங்கள் வீட்டில் முதலாவது மட்டும்தான் நடந்தது.

இரண்டாம் தடவை மாவட்டம் பிரிந்த அந்த வருஷம் எனக்கு இருபத்தொன்று. அப்பா பழைய ஆலையில் ஏதோ கையெழுத்துப் போட வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், அதே டீக்கடைக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தோம். எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் நடுவில், "உங்கம்மா அன்னைக்குத் துண்ட மடிச்சுக் குடுத்து வுட்டாளே, அதோட முடிஞ்சுது பாப்பா. அதுக்கப்பறம் என்னத்தக் கேக்குறது?" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, லப்பைக்குடிக்காட்டு அம்மா மடித்துக் கொடுத்ததைப் போலவே அந்த மடிப்பையும் அவர் படித்திருக்கிறார் என்று. அம்மாவுக்குத் துண்டு வீசத் தெரியாது. அவள் ஓடுகிற பஸ்ஸைப் பிடித்து இடம் போட்டவள் இல்லை. மடித்துக் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அவர் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னேன். துண்டை நாற்காலியில் போட்டதிலிருந்து பாயசம்வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். முடித்ததும் அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்.

"இப்ப அந்த நாற்காலியில யாரு ஒக்காருறா?"

"அம்மாதான்."

"அப்ப அது அவ எடம் பாப்பா" என்றார். என் தலையில் கையை வைத்தார். "நீ சின்னப் புள்ள. உம்மேல என்ன இருக்கு? நான் வாயத் தொறந்து கேட்டிருக்கணும்."

ஜெயங்கொண்டம் பஸ் உள்ளே திரும்பியது. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. ஓடினேன். துப்பட்டாவை உருவி, ஜன்னல் வழியாக, இரண்டு பேர் உட்காரும் சீட்டில் விரித்துப் போட்டேன். முண்டியடித்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் துப்பட்டாவின் மேல் கையை வைத்துக்கொண்டேன். "வாங்கப்பா" என்று கத்தினேன். "எடம் போட்டுட்டேன். ஏறுங்க!"

அப்பா ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். துண்டு இல்லாத தோள் சின்னதாகத் தெரிந்தது. படிக்கட்டைப் பார்த்தார். ஓரடி எடுத்துக்கூட வைத்தார். கூட்டம் ஏறி முடிந்தது, படிக்கட்டு காலியாகத்தான் இருந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். அப்பா எனக்குக் கையை ஆட்டினார்.

வழியெல்லாம் பஸ் நிறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொருவராக வந்து, "இங்க ஆள் வருதாம்மா?" என்று கேட்டார்கள். "வருது" என்றேன். குன்னத்தில் கேட்டார்கள், வருது என்றேன். ஓடுகிற பஸ்ஸில் எங்கிருந்து வரும் என்று ஒருவர் முணுமுணுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அரியலூர் கேட் மூடியிருந்தது. டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். கைக்குழந்தையும் பையுமாக ஒரு பெண், பெரம்பலூரிலிருந்தே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், தயங்கிக் குனிந்தாள்.

"அக்கா, இங்க ஆள் இருக்கா?"

துப்பட்டாவை எடுத்து மடித்தேன்.

"இல்லம்மா, ஒக்காரு" என்று சொல்லி அவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.